பாராடாங்கில் பூமி போட்ட தாளம்

பதினோரு சதவீதத்தில் நின்ற டவுன்லோடு மூன்றாவது நாளும் பதினொன்றிலேயே நின்றது.

தினேஷ்குமார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்திலிருந்து வாசலுக்கு வந்தான். வாசலிலிருந்து துணி காயப்போடும் இடத்துக்குப் போனான். கடலைப் பார்த்து வைத்தால் நெட் கொஞ்சம் விறுவிறுப்பாக வரும் என்பது அந்தமானின் மாயாபந்தரில் பலருடைய நம்பிக்கை. கடலைப் பார்த்து வைத்தான். பதினொன்று. கடலுக்கு முதுகைக் காட்டி வைத்தான். பத்து புள்ளி ஒன்பது.

"குறையக்கூடச் செய்யுமாங்க?" என்று கேட்டாள் பவானி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அது கணக்கைத் திருத்திக்குது."

"அப்படி என்னதான் இறங்குது?"

"மேளம். தவில், செண்டை, பறை, ட்ரம்ஸ் எல்லாம். நாற்பத்திரண்டு ஜிபி."

"ஒரு நிஜத் தவிலைக் கப்பல்ல ஏத்தியிருந்தா இந்நேரம் போர்ட் பிளேர் வந்திருக்கும்" என்றாள் பவானி.

தினேஷ்குமாருக்கு முப்பத்தைந்து வயது. மாயாபந்தர் துறையில் கப்பல் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பான். மீதிப் பொழுதில் குவார்ட்டர்ஸ் சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பீட் போடுவான். பாட்டு இல்லை, ராகம் இல்லை, வெறும் தாளம். யாராவது பாடினாலோ ஆடினாலோ அடியில் ஓடுகிற தாளம். ஒன்பது வருஷமாகப் போடுகிறான். அதன் மேல் பாடவோ ஆடவோ ஒருவரும் வந்ததில்லை.

கேட்டால்தானே வருவார்கள். முதல் வருஷம் ஸ்பீக்கரில் போட்டபோது, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரும் ஆபீஸில் அவனுக்கு சூப்பரிண்டெண்டுமான இராமகிருஷ்ணன் சார், சுவர்க்கடிகாரத்தைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஆணியோடு கழன்று விழுந்துவிட்டதாம். அன்றிலிருந்து இயர்போன்தான். அவன் செய்த தாளங்கள் எல்லாம் அவன் காதுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்தன. காற்றில் ஒன்றுகூடப் பறந்ததில்லை; வெளியே விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியாது.

இப்போது முதல்முறையாக ஒரு வாய்ப்பு வந்திருந்தது. போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் நடனப் பள்ளி நடத்தும் சித்ரா மேடம், பதினான்கு பெண்களை தில்லியில் ஒரு விழாவுக்கு அழைத்துப் போகிறார். அந்தப் பதினான்கு பேருக்கும் பாவாடை தைப்பது பவானி. அளவு கேட்கப் பேசும்போது, வீட்டுக்காரர் தாளம் போடுவார் என்று பவானி ஒரு வார்த்தை சொல்லிவைக்க, ஐந்து நிமிஷத்துக்குத் தாளம் மட்டும் போட்டு அனுப்பச் சொன்னார் மேடம். பிடித்தால் எடுத்துக்கொள்வாராம். இருபதாம் தேதி சனிக்கிழமை மத்தியானம்தான் கெடு.

பவானிக்கும் ஒரு கெடு இருந்தது. அதை அவள் சண்டை போடாமல் சொன்னாள். அதனால்தான் தினேஷ்குமாருக்குப் பயமாக இருந்தது. "இதையும் அவங்க வேண்டாம்னுட்டா அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. மெஷினை அங்க போட்டுக்கறேன். ஒன்பது வருஷமா நான் கூடத்துல தைக்கறேன், சோத்துல நூல் வருது."

அவன் ஒப்புக்கொண்டான். சோற்றில் நூல் வந்தது உண்மைதான்.

ஸ்டோர் ரூமில் இருந்தது ஒரு சின்ன சிந்தசைசர் சாஃப்ட்வேர். அதற்குள் மேளம் என்று எதுவும் கிடையாது. ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அலையைக் கிளப்பி, இழுத்து, அமுக்கி, வாலை நறுக்கினால் ஒரு 'தம்' பிறக்கும். முதல்தடவை குமிழைத் திருகி அப்படி ஓர் அடி பிறந்தபோது அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தோல் இல்லை, கோல் இல்லை, அடித்த ஆள் இல்லை, ஆனால் அடி விழுந்துவிட்டது. அந்தப் பிரமிப்பு அவனுக்கு ஒன்பது வருஷமாகியும் தீரவில்லை.

ஆனால் முதலில் அனுப்பியதைக் கேட்டுவிட்டு சித்ரா மேடம், நல்லாத்தான் இருக்கு, மெஷின் மாதிரி இருக்கு, உயிர் வேணும் தினேஷ் என்று சொல்லிவிட்டார். உயிர் வேண்டுமென்றால் சாம்பிள்தான். யாரோ ஒருவர் எங்கோ ஒரு கூடத்தில் நிஜத் தவிலை நிஜக் கையால் அடித்ததைப் பிடித்து வைத்திருப்பார்கள்; பொத்தானைத் தொட்டால் அவர் மறுபடி அடிப்பார். ஒருவேளை அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லாமல்கூட இருக்கலாம், அவருடைய அடி இருக்கிறது. அதை நினைத்தாலும் தினேஷ்குமாருக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகும். சிந்தசைசரா, சாம்பிளா என்று ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தான். இரண்டு பக்கமும் சமமாக நிரம்பின. உயிர் என்று மேடம் சொன்னதால் சாம்பிளுக்கு ஒரு கூடுதல் டிக் போட்டு, டவுன்லோடைத் தொடங்கினான். அதுதான் பதினொன்றில் நின்றது.

பஜாரில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பன் நூருல்லா இதைக் கேட்டுச் சிரித்தான். எப்போதோ ஒருமுறை தினேஷ்குமாரின் ஓர் அடியைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனவன் அவன், அதைக் கேட்டானா என்று தினேஷ்குமார் விசாரித்ததில்லை. சரக்கு எடுக்க அந்த வாரம்தான் அவன் சென்னைக்குக் கப்பல் ஏறுகிறான்.

"அரே தோஸ்த், நாற்பத்திரண்டு ஜிபியைக் காத்துல இழுக்கறியா? மெயின்லேண்ட்ல ஒரு மணி நேரத்துல இறக்கி ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் கொண்டுவரேன். பெட்டியில வச்சா மிக்ஸியோட மிக்ஸியா வந்துடும்."

நூருல்லா போய்ச் சேர்ந்தான். இறக்கியும் விட்டான். திரும்பி வரும் கப்பல், வானிலை சரியில்லை என்று ஒருமுறை தள்ளிப்போயிற்று, பிறகு எந்திரம் சரியில்லை என்று இன்னொரு முறை தள்ளிப்போயிற்று. அந்த அறிவிப்புகளைக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியது தினேஷ்குமாரேதான். இரண்டாவது காகிதத்தை அவன் தலைகீழாக ஒட்டியிருப்பதை வரிசையில் நின்றவர்கள்தான் சொன்னார்கள்.

அதற்குள் சித்ரா மேடத்திடமிருந்து மறுபடி போன்.

"போன வருஷம் தில்லியில ஆறு குழு ஆடினாங்க தினேஷ். ஆறு பேருக்கும் ஒரே டமாரம். எல்லாரும் ஒரே கடையில வாங்கின மாதிரி. அதனால இந்தத் தடவை விழா ஃபார்ம்லயே போட்டுட்டாங்க. ஒவ்வொரு சத்தமும் நம்ம தீவுல பிறந்ததா இருக்கணும், எந்த இடத்துல பிறந்ததுன்னு எழுதணும், அந்த இடத்து ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

தினேஷ்குமார் போனை வைத்துவிட்டு, கோடு போட்ட அந்த நோட்டை மறுபடி திறந்தான். கடலைத் தாண்டி மிக்ஸிகளோடு வந்துகொண்டிருக்கும் நாற்பத்திரண்டு ஜிபி மேளத்தில் ஓர் அடிகூட இந்தத் தீவில் பிறந்ததில்லை. சரி, பழைய சாஃப்ட்வேருக்கே திரும்பலாமா? மெஷினுக்குள் பிறக்கும் சத்தம் எந்த ஊரில் பிறக்கிறது? ஃபார்மில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது?

ஒரே வழிதான். தானே போய்ச் சத்தங்களைப் பிடிக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே தொடங்கினான். பவானியின் தையல் மெஷின் மிதியில் ஒரு நல்ல 'தக்கு தக்கு' இருந்தது. போனை மெஷின் அடியில் வைத்து, சீராக மிதிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணினான். பவானியும் எண்ணிக்கை தவறாமல் மிதித்தாள். எட்டு நிமிஷம் அருமையாகப் பதிவானது. எடுத்துப் பார்த்தபோது பாவாடையின் அடிப்பக்கம் முழுவதும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

பவானி அதைத் தூக்கிப் பிடித்தாள். "பதிமூணு பேர் ஆடுவாங்க. பதினாலாவது பொண்ணு சாக்குப் பந்தயம் ஓடும்."

மேலும் வீட்டில் பதிவு செய்ய வேண்டாம் என்று அன்று முடிவாயிற்று. அப்போதுதான் துறையில் இருக்கும் அந்த இரும்புத் தகடு அவன் நினைவுக்கு வந்தது. கப்பலிலிருந்து இறங்குகிற கேங்வே ஏணி தரையைத் தொடும் இடத்தில் போட்டிருக்கும் தகடு. ஒவ்வொரு பயணியும் கால் வைக்கும்போது 'தங்' என்று ஒரு சத்தம், கால் எடுக்கும்போது அடியிலிருந்து 'ஹூம்' என்று இன்னொன்று. குண்டு ஆள், ஒல்லி ஆள், மூட்டை தூக்கியவர், குழந்தையை இடுப்பில் வைத்தவள், ஒவ்வொருவருக்கும் ஒரு தனித் தாளம். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழித்திருக்கிறான், அது மேளம் என்று இப்போதுதான் தெரிந்தது. அடுத்த கப்பல் வந்தபோது தகட்டுப் பக்கம் போய்க் காது கொடுத்தான்.

சட்டென்று போனை நீட்டிப் பதிவு செய்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் தினேஷ்குமார் எதையும் முறையாகச் செய்கிறவன். ஆபீஸ் இடம், ஆபீஸ் தகடு. ஆகவே ஆபீஸ் காகிதத்தில் விண்ணப்பம் எழுதினான். 'பொருள்: கேங்வே தகட்டிலிருந்து எழும் ஓசை தொடர்பாக. ஐயா, மேற்படி தகட்டிலிருந்து பல்லாண்டுகளாகப் பெரும் ஓசை எழுந்து வருவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்' என்று தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் பதிவு செய்ய அனுமதி கேட்டிருந்தான்.

இராமகிருஷ்ணன் சார் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அனுமதி வந்ததா என்று கேட்கப் போன தினேஷ்குமாரைத் தோளில் தட்டி, வெளியே அழைத்துப் போய்க் காட்டினார். தகட்டின் மேல் அரை அங்குல ரப்பர் விரித்து, நாலு பக்கமும் போல்ட் அடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் வந்து, எழுபது பேர் பூனைபோல இறங்கிப் போனார்கள்.

"ஒரு நாள்ல பண்ணியாச்சு" என்றார் சார். "நீங்களும் பாருங்க, பன்னிரண்டு வருஷமா ஒருத்தரும் எழுதிக் குடுக்கல."

தினேஷ்குமார் நன்றி சொன்னான். வேறென்ன சொல்வது?

சார் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். சத்தம் என்றதும் அவருக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. மதுரையிலிருந்து மச்சினர் குடும்பம் வந்திருந்ததாம். தெற்கே பாராடாங் தீவில் காத்தமுத்து என்று ஒருவருடைய பாக்குத் தோப்பில் ஒரு சின்னச் சேற்று எரிமலை. பெரிய எரிமலைக்கு அரசாங்கப் பலகை உண்டு, இதற்கு அது கிடையாது. ஆனால் இதில்தான் பூமிக்குள்ளிருந்து ஓர் இடி கேட்கிறதாம். மச்சினர் வாழ்க்கையில் எதற்கும் அசராத மனிதர், அங்கே அரை மணி நேரம் மூச்சுவிடாமல் நின்றாராம். "நெஞ்சுக்குள்ள அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு இன்னும் போன்ல சொல்லிட்டிருக்கார்."

தினேஷ்குமார் அங்கேயே நின்றபடி லீவு லெட்டர் எழுதினான். ஒரே பக்கத்தில் எழுதினான்.

முதல் பஸ்ஸில் கிளம்பி, ரங்கத், கதம்தலா எல்லாம் தாண்டி, பாலம் ஏறிப் பாராடாங்கில் இறங்கியபோது பத்தரை மணி. தோப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. போர்ட் பிளேர் பக்கமிருந்து, காட்டு வழியில் போலீஸ் துணையோடு வரிசையாக வரும் கான்வாயில் வந்த டூரிஸ்டுகள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தப் பக்கமே நடந்தார்கள். தோப்பு முகப்பில் காத்தமுத்து இளநீர்க் குலைகளோடு நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த மனிதர், தலையில் துண்டு.

எரிமலை என்று சொல்லப்பட்டது ஒரு முறம் அகலத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. நடுவில் ஒரு கொப்புளம் மெதுவாக எழும்பி, யோசித்து, உடைந்தது. ஒருத்தர் கொட்டாவி விட்டார்.

அப்போது அது வந்தது.

காதுக்கு வரவில்லை. முதலில் உள்ளங்காலுக்கு வந்தது. அங்கிருந்து முழங்கால், வயிறு, நெஞ்சு என்று ஏறி, கடைசியில்தான் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆழமான, உருண்டையான, ஈரமான ஒரே ஓர் அடி. அதற்கு முன்னும் பின்னும் பாக்கு மரங்கள்கூட அசையாமல் நின்றதுபோல இருந்தது. கொட்டாவி விட்டவர் வாயை மூட மறந்தார். ஓர் அம்மாள் மெல்லக் கை கூப்பினாள். தினேஷ்குமாருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. எங்கேயோ, எப்போதோ, தான் பிறப்பதற்கு முன்னால் கேட்ட சத்தம் மாதிரி இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு விநாடியில் அடுத்த அடி. மறுபடி ஏழு. மறுபடியும் ஏழு. எவ்வளவு தேர்ந்த தவில்காரரும் ஒருமுறை ஆறேமுக்கால் போவார், ஒருமுறை ஏழேகால் போவார். பூமி போகவில்லை. மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ லட்சம் வருஷம் முன்னாலிருந்து இந்தக் காலப்பிரமாணத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் நாம் ஒன்பது வருஷமாகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தோமா என்று வெட்கமாக இருந்தது.

டூரிஸ்டுகள் மூச்சைப் பிடித்து நின்றுவிட்டு, எல்லாரும் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் சத்தமும் நின்றுவிட்டது.

"ஏன் நின்னுடுச்சு?" என்று காத்தமுத்துவைக் கேட்டான்.

"ஆள் கூடினாத்தான் வரும் சார். தனியா நின்னா வராது."

தினேஷ்குமார் அதையும் யோசித்துப் பார்த்தான். காலடிகளின் எடை. எடை அழுத்த, அடியில் இருக்கும் வாயு அசைய, அது ஒரு குகையில் போய் மோத. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! அடுத்த கூட்டம் வரும்வரை காத்திருந்து, போனைச் சேற்றோரம் வைக்கப் போனபோது காத்தமுத்து ஓடிவந்து கையைப் பிடித்தார். சேறு சுடுமாம். தினேஷ்குமார் ஒரு விரலை நனைத்துப் பார்த்தான். ஐஸ் மாதிரி இருந்தது. சூடே இல்லாமல் இடிக்கும் எரிமலை என்று அவனுடைய வியப்பு இன்னும் ஒரு படி ஏறியது. மொத்தம் இரண்டு மணி நேரம் பதிவு செய்தான். காத்தமுத்து அந்த இரண்டு மணி நேரமும் வேர்த்துக்கொண்டே நின்றார்.

வீடு திரும்பியதும் தினேஷ்குமார் முதலில் செய்த காரியம், ஒன்பது வருஷமாக வைத்திருந்த சிந்தசைசர் சாஃப்ட்வேரை லேப்டாப்பிலிருந்து நீக்கியதுதான். அதில் செய்து வைத்திருந்த அடிகள் எல்லாவற்றையும் சேர்த்தே நீக்கினான். பூமியின் அடியைக் கேட்டவனுக்கு இனி அந்தப் பொம்மை எதற்கு? உறுதியாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆம் என்றான்.

பிறகு மூன்று நாள் ஸ்டோர் ரூமை விட்டு வரவில்லை. அடியில் பூமி, அதன் மேல் பவானியின் மிதி, அதன் மேல் ரங்கத் பஸ்ஸில் பிடித்த கண்ணாடி நடுக்கம், மூங்கில் தட்டல், அலை. ஐந்து நிமிஷம். முடித்துவிட்டுப் பவானியைக் கூப்பிட்டு இயர்போனை மாட்டிவிட்டான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்த பிறகும் கழற்றவில்லை. கையை நீட்டிக் காட்டினாள், ரோமமெல்லாம் எழுந்து நின்றன.

"அடியில ஒண்ணு வருதே," என்றாள். "அது என்னங்க?"

"அது நம்ம தீவு" என்றான் அவன்.

சித்ரா மேடம் மரைன் ஹில்லில் கேட்டுவிட்டுப் போன் செய்தார். பதினான்கு பெண்களுக்கும் போட்டுக் காட்டியதாகவும், அந்த முதல் அடி விழுந்ததும் ஒருத்திகூடப் பேசவில்லை என்றும் சொன்னார். "இதுதான் தினேஷ். சாட்சிக் கையெழுத்தை மட்டும் சனிக்கிழமை பன்னிரண்டுக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. அது இல்லன்னா ஃபார்மை வாங்க மாட்டாங்க. அப்புறம் நான் கையாலயே தாளம் தட்டி ஆடவைக்க வேண்டி வரும்."

பஸ் நிஜம், மெஷின் மிதி நிஜம், மூங்கில் நிஜம், எல்லாவற்றுக்கும் சாட்சி இருந்தது. பவானியே கையெழுத்துப் போட்டாள். பாக்கி காத்தமுத்து மட்டும்தான். தினேஷ்குமார் கடிதம் எழுத உட்கார்ந்தான். நாலு தடவை திருத்தி, சுத்தமாகப் படி எடுத்தான்.

'ஐயா, கடந்த வாரம் தங்கள் தோப்பில் எழும் ஓசையை நான் நேரில் வந்து இரண்டு மணி நேரம் பதிவு செய்தது தாங்கள் அறிந்ததே. மேற்படி ஓசை எங்கே பிறந்தது, உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பதை மறைக்காமல் எழுதி, கையெழுத்திட்டு, சனிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கவும். இது தில்லிக்குப் போகவேண்டிய விஷயம். இப்படிக்கு, தினேஷ்குமார், மாயாபந்தர்.'

கடிதத்தைப் பாராடாங் வழியாகப் போகும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான்.

வெள்ளிக்கிழமை வரை பதில் வரவில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பதிலுக்குப் பதில் காத்தமுத்துவே வந்து வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையில் இளநீர்க் குலை, இன்னொரு கையில் துணிப்பை. உள்ளே வந்தவர் உட்காரவில்லை. பவானி கொடுத்த தண்ணீரைக் குடிக்கவும் இல்லை. பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

பிளாஸ்டிக் உறை சுற்றிய ஸ்பீக்கர். சாம்பல் நிறச் சேறு அதன் மேல் காய்ந்து வெடித்திருந்தது.

அவர் ஒரு பட்டனை அழுத்தினார். மேஜை அதிர்ந்தது. மேஜையிலிருந்து தரை, தரையிலிருந்து உள்ளங்கால். ஏழு விநாடி கழித்து மறுபடி. சுவருக்கு அந்தப் பக்கம் இராமகிருஷ்ணன் சார் வீட்டில் ஏதோ விழுந்தது.

"மன்னிச்சுக்கணும் சார்" என்றார் காத்தமுத்து. "அந்தச் சேத்துல சத்தமே கிடையாது. வர்றவங்க பாத்துட்டு, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு நாலு பாஷையில திட்டிட்டுப் போவாங்க. ஒரு இளநீர்கூடக் குடிக்க மாட்டாங்க. அதான் இதைப் புதைச்சு வச்சு, ஆள் கூடினா ரிமோட்டைத் தட்டறேன்."

தினேஷ்குமார் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட நாற்காலி அவனைப் பிடித்துக்கொண்டது என்பது சரி. பூமி இல்லை. வாயு இல்லை, குகை இல்லை, லட்சம் வருஷம் இல்லை. எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு மெஷினில் தட்டிய சத்தம். அதைத்தான் நம்ம தீவு என்று பவானியிடம் சொன்னான். அதைத்தான் கேட்டுப் பதினான்கு பெண்கள் பேசாமல் நின்றார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் மேடத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். தன்னுடையதையெல்லாம் தானே நீக்கியாயிற்று, வேறு ஒன்று போட்டுக் கொடுக்கவும் வழியில்லை. ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தான். பவானியும் அந்தக் கதவைத்தான் பார்த்தாள், பிறகு அவன் தோளில் கை வைத்தாள்.

அந்த நிலையிலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை. பொய்யோ மெய்யோ, அப்படி ஓர் அடியை அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"யாருங்க இந்தச் சத்தத்தைச் செஞ்சது?" என்றான். "எந்த ஊர் ஆள்?"

காத்தமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்து, அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"தெரியாத மாதிரி கேட்டு ஆழம் பாக்காதீங்க சார், ஸ்பீக்கர் வாங்கினப்ப நூருல்லா பாய், 'இது எங்க மாயாபந்தர் தினேஷ்குமார் மெஷின்ல உண்டாக்கினது, இதைப் போட்டுக் காட்டித்தான் நான் எல்லா ஸ்பீக்கரையும் விக்கறேன்'னு சொல்லி உள்ள ஏத்திக் குடுத்தாரு, ரெண்டு வருஷமா ஜனங்க அங்க மூச்சடைச்சு நிக்கறது உங்க சத்தத்துக்குத்தான்."